விக்னெட் போட்டதும் படம் ஏன் கெடுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

படம் திருத்தக் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் முதல் வாரத்திலேயே விக்னெட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே ஒரு ஸ்லைடர். இடது பக்கம் இழுத்தால் நான்கு மூலையும் இருட்டும். படம் சட்டென்று ‘ஸ்டூடியோ லுக்’குக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். இரண்டாவது வாரம், “அண்ணே, என்னவோ தப்பா இருக்கு, என்னன்னுதான் தெரியல” என்று அதே படத்தோடு வந்து நிற்பார்கள். அந்த ‘என்னவோ’வுக்குப் பல முகங்கள் உண்டு. நான் பார்த்தவற்றையும் சரிசெய்த விதத்தையும் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. விக்னெட் முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பதில்லை. சுற்றியிருப்பதைத் தணித்து, முகத்தில் ஏற்கெனவே இருக்கிற வெளிச்சத்தை எடுத்துக் காட்டுகிறது. முகமே மங்கலாக இருக்கும் படத்தில் ஓரத்தை இருட்டினால் மொத்தப் படமும்தான் மங்கும். எனவே எக்ஸ்போஷரையும் (படத்தின் மொத்த வெளிச்ச அளவு) வெள்ளைச் சமநிலையையும் முதலில் முடியுங்கள். ஃபோட்டோஷாப், கிம்ப் மாதிரி லேயர் (படத்தின் மேல் போடும் தனி அடுக்கு) உள்ள மென்பொருளில் விக்னெட்டைத் தனி லேயரில் வையுங்கள். கீழே சொல்லும் எந்தத் திருத்தத்துக்கும் அதை அணைத்து அணைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

முகத்தின் ஒரு பக்கமும் சேர்ந்து இருட்டுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். லைட்ரூம் மென்பொருளில் எஃபெக்ட்ஸ் பகுதியில் இருக்கும் போஸ்ட் கிராப் விக்னெட்டிங்குக்கு, கிராப் செய்த சட்டத்தின் நடுதான் நடு. அதை நகர்த்த வழியில்லை. ஆனால் போர்ட்ரெய்ட்டில் முகம் நடுவில் இருப்பது அபூர்வம். மேலே மூன்றில் ஒரு பங்கிலோ ஒரு பக்கம் ஒதுங்கியோதான் இருக்கும். ஆகவே நல்ல வெளிச்சம் சட்டைப் பொத்தானுக்குப் போகும், நெற்றிக்கு இருட்டு வரும்.

இந்த ஸ்லைடரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விட்டு, மாஸ்கிங்கில் (மாற்றம் எங்கே நடக்க வேண்டும் என்று குறிக்கும் இடம்) ரேடியல் கிரேடியன்ட்டை எடுங்கள். முகத்தையும் தோளையும் சுற்றி நீள்வட்டம் வரைந்து, இன்வெர்ட் என்பதை அழுத்தினால் வட்டத்துக்கு வெளியே மட்டும் மாற்றம் நடக்கும். எக்ஸ்போஷரை மைனஸ் 0.50 அளவில் தொடங்குங்கள், ஃபெதர் (விளிம்பு எவ்வளவு மெதுவாகக் கரைகிறது என்பது) 80க்கு மேல் இருக்கட்டும். நீள்வட்டத்தின் மையத்தை மூக்கின் மேல் வைக்காதீர்கள். கொஞ்சம் கீழே, தாடைக்கும் கழுத்துக்கும் இடையில் வையுங்கள். மூக்கை மையமாக்கினால் தோள் இருட்டில் மூழ்கி, தலை மட்டும் தனியாக மிதக்கும்.

கிம்ப்பில் ஃபில்டர்ஸ் மெனுவில் லைட் அண்ட் ஷேடோ என்பதற்குள் விக்னெட் இருக்கிறது. அங்கே மையத்தின் எக்ஸ், ஒய் இரண்டையும் மாற்றலாம், படத்தின் மேலேயே பிடித்து இழுக்கவும் செய்யலாம். 2.10 பதிப்பில் இது லேயரில் நேரடியாகப் பதிந்துவிடும். அதனால் லேயரை நகலெடுத்து நகலில் போடுங்கள். 2025இல் வந்த 3.0இல் பின்னால் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம். கைபேசியில் ஸ்னாப்சீட் வைத்திருப்பவர்கள் நீலப் புள்ளியை முகத்துக்கு இழுத்து, இரண்டு விரலால் வட்டத்தைப் பெரிதாக்கினால் போதும். டார்க்டேபிளில் விக்னெட்டிங் மாட்யூலை விட்டுவிட்டு, எக்ஸ்போஷர் மாட்யூலில் நீள்வட்ட மாஸ்க் போட்டு இருட்டுவது எனக்கு எப்போதும் நல்ல பலன் தந்திருக்கிறது.

இப்போதெல்லாம் ஆளைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ரேடியல் மாஸ்க்கிலிருந்து ஆளை முழுதாகக் கழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். அப்படிச் செய்த படத்தில் ஆள், ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியது போல் இருப்பார். நிஜத்தில் வெளிச்சம் குறையும்போது முழங்கையும் கொஞ்சம் குறையத்தான் வேண்டும். இரண்டு மாஸ்க்காகப் பிரியுங்கள். ஒன்று எல்லாவற்றையும் இலேசாக, மைனஸ் 0.25 அளவுக்குத் தணிக்கட்டும். இன்னொன்று ஆளைக் கழித்துவிட்டுப் பின்னணியை மட்டும் மைனஸ் 0.40 தணிக்கட்டும்.

இருட்டு தனியாக வட்டமாகத் தெரிகிறது

சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல் இருந்தால் குற்றவாளி ஃபெதர். லைட்ரூமில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஃபெதரைப் பூஜ்யமாக்கி, அமௌன்ட்டை மைனஸ் 100க்கு இழுங்கள். கன்னங்கரேல் என்று ஒரு சட்டம் தெரியும். இப்போது மிட்பாயின்ட்டையும் ரவுண்ட்னெஸ்ஸையும் நகர்த்தி, அந்தச் சட்டம் ஆளின் உடம்பைத் தொடாத இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் ஃபெதரை 75, 80 வரை ஏற்றி, அமௌன்ட்டைக் கண்ணுக்குப் படாத அளவுக்கு இறக்குங்கள். நான் போர்ட்ரெய்ட்டுக்கு மைனஸ் 20ஐத் தாண்டுவது மிகக் குறைவு. தாண்ட வேண்டும் போலிருந்தால் பின்னணியில் வேறு ஏதோ பிரச்சினை இருக்கிறது என்றுதான் தேட ஆரம்பிப்பேன். பெரும்பாலும் ஒரு ஜன்னலோ ட்யூப் லைட்டோ அகப்படும். அதை மட்டும் தனியாகத் தணித்தால் விக்னெட்டே தேவைப்படாது.

ஃபோட்டோஷாப்பில் இதே குறை வேறு வழியாக வரும். அங்கே மாஸ்க்கின் ஃபெதர் பிக்சல் கணக்கு. 1500 பிக்சல் அகலப் படத்தில் 200 பிக்சல் ஃபெதர் வழுக்கிக்கொண்டு போகும். அதே ஆக்ஷனை (பதிந்துவைத்த திருத்த வரிசை) 6000 பிக்சல் ரா படத்தில் (கேமரா பதிந்தபடியே உள்ள படம்) ஓடவிட்டால் கத்தியால் வெட்டிய மாதிரி விளிம்பு நிற்கும். “நேத்து இதே ஆக்ஷன் நல்லா வந்துச்சே” என்றால் படத்தின் அகலத்தைப் பாருங்கள். அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஃபெதர் வைப்பது என் வழக்கம்.

மூலைகள் மட்டும் அடுப்புக்கரி

நீங்கள் போட்டது ஒன்று, லென்ஸ் போட்டது ஒன்று என்று இரண்டு விக்னெட் சேர்ந்திருக்கிறது. 50 மிமீ, 85 மிமீ லென்ஸ்களை எஃப் 1.8இல் முழுதாகத் திறந்து எடுத்தால், மூலைக்கு வரும் ஒளியில் ஒரு பகுதியை லென்ஸின் குழல் மறித்துவிடும். எஃப் 4 வரை மூடினால் பெரும்பாலும் போய்விடும். எடுத்த படத்துக்கு, லைட்ரூமின் லென்ஸ் கரெக்ஷன்ஸில் புரொஃபைல் கரெக்ஷனை இயக்கி மூலையைச் சமமாக்கிவிட்டு, அதன்மேல் உங்கள் விக்னெட்டைப் போடுங்கள். ஜேபெக்காக எடுத்த படத்தில் பல கேமராக்கள் இதைத் தாங்களே சரிசெய்து கொடுத்துவிடும். அங்கே மறுபடி சரிசெய்தால் மூலை வெளுக்கும்.

மூலை மங்கலாக இல்லாமல் கூர்மையான விளிம்போடு கறுப்பாக இருந்தால் லென்ஸ் ஹுட் சரியாக மாட்டப்படவில்லை, அல்லது ஃபில்டர் மேல் ஃபில்டர் இருந்திருக்கிறது. அங்கே படமே பதிவாகவில்லை. வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

வேட்டி சாம்பல் நிறமாகிவிட்டது

மணமகன் முழு உயரத்தில் நிற்கிறார். வேட்டியின் கீழ்ப் பகுதி சட்டத்தின் ஓரத்துக்கு வருகிறது. விக்னெட் போட்டதும் அது துவைக்காத வேட்டியாகிவிடும். வெள்ளைக் கவுன், வெள்ளைச் சுவர், மேகம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

முதலில் லைட்ரூமின் போஸ்ட் கிராப் விக்னெட்டிங்கில் ஸ்டைல் என்ன என்று பாருங்கள். பெயின்ட் ஓவர்லே என்றிருந்தால் அது படத்தின்மேல் கறுப்பைக் கலக்கிறது. வெள்ளையில் கறுப்பு கலந்தால் சாம்பல்தானே. ஹைலைட் பிரையாரிட்டிக்கு மாற்றுங்கள். மாற்றியதும் அடியில் ஹைலைட்ஸ் ஸ்லைடர் உயிர்பெறும். அதை 40, 50 வரை ஏற்றினால் வெளிச்சமான இடங்கள் மட்டும் இருட்டிலிருந்து தப்பும். அமௌன்ட் மைனஸில் இருக்கும்போதுதான் இந்த ஸ்லைடர் வேலை செய்யும்.

ஃபோட்டோஷாப்பில் விக்னெட்டுக்காக இருட்டிய கர்வ்ஸ் லேயரை இரட்டைச் சொடுக்கிட்டு பிளெண்ட் இஃப் பகுதிக்குப் போங்கள். அண்டர்லையிங் லேயர் பட்டையில் வெள்ளை முக்கோணத்தை ஆல்ட் விசையோடு பிடித்து இரண்டாகப் பிரித்து, இடப் பாதியை 190 பக்கம் இழுங்கள். வெள்ளைத் துணி தன் வெண்மையோடு நிற்கும், சுற்றியுள்ள தரை மட்டும் தணியும். பயந்துகொண்டு பலர் இந்தப் பக்கமே போவதில்லை. ஒரு முறை செய்து பார்த்தால் பிரஷ்ஷால் அழித்துக்கொண்டிருந்த நேரத்துக்கு வருத்தப்படுவீர்கள்.

கையும் முழங்கையும் செங்கல் நிறமாகின்றன

முகம் ஒரு நிறம், மடியில் இருக்கும் கை வேறு நிறம். மருதாணி போட்ட கை என்றால் இன்னும் மோசம். ஃபோட்டோஷாப்பில் நார்மல் பிளெண்ட் மோடில் கர்வ்ஸைக் கீழே இறக்கும்போது, குறைவாக இருக்கும் நீலமும் பச்சையும் சிவப்பைவிட வேகமாக விழுகின்றன. நிறத்தின் அடர்த்தி கூடுகிறது. அந்த லேயரின் பிளெண்ட் மோடை லூமினாசிட்டிக்கு மாற்றுங்கள். லைட்ரூமில் என்றால் ஹைலைட் பிரையாரிட்டியிலிருந்து கலர் பிரையாரிட்டிக்கு. ரேடியல் மாஸ்க்காக இருந்தால் அதே மாஸ்க்கில் சாச்சுரேஷனை மைனஸ் 8, 10 என்று குறைத்தால் போதும்.

கூந்தல் காணாமல் போகிறது

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பல பயிற்சிக் காணொளிகளில் இந்தப் பிரச்சினையே வராது. அங்கே மாடலுக்குப் பொன்னிறத் தலைமுடி இருக்கும். இருட்டுப் பின்னணியில் அது தானாக மின்னும். அதே பிரீசெட்டை (சேமித்துவைத்த திருத்த அளவுகள்) நம் வீட்டுப் பெண்ணின் படத்தில் போட்டால், கறுங்கூந்தல் பின்னணியோடு கரைந்து, சூடிய மல்லிகைச் சரம் மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

கணக்கு இதுதான். 0 முதல் 255 வரை உள்ள அளவில் முடி 20க்குப் பக்கத்தில் இருக்கிறது, சாம்பல் நிறப் பின்னணித் திரை 45இல் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த 25தான் தலையின் உருவத்தைக் காட்டுகிறது. விக்னெட் திரையை 22க்கு இறக்கிவிட்டால் தலைக்கும் திரைக்கும் வித்தியாசமில்லை. முடியைத் தூக்கி விடலாமே என்று ஷேடோஸ் ஸ்லைடரை ஏற்றுவார்கள். முடி சாயம் போன மாதிரி ஆகும், நாய்ஸும் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) எழும்பும்.

திரையைத்தான் காப்பாற்ற வேண்டும். வட்டமாகப் போடுவதை மறந்துவிட்டு, லீனியர் கிரேடியன்ட்டைக் கீழேயிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து தேவைப்பட்டால் ஒன்று என்று போடுங்கள். தலைக்கு மேலே எதுவும் வேண்டாம். அதன் பிறகு தலைக்குப் பின்னால் சின்னதாக ஒரு ரேடியல் மாஸ்க் வைத்து, அதிலிருந்து ஆளைக் கழித்து, எக்ஸ்போஷரை 0.30 கூட்டுங்கள். ஸ்டூடியோவில் திரைக்கு ஒரு லைட் வைப்போமே, அதையே படம் எடுத்த பிறகு செய்கிறோம். இந்தச் சின்ன ஒளிவட்டத்தில் தலையின் கோடு வந்துவிட்டால், கீழ் மூலைகளை நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே இருட்டலாம், படம் தாங்கும்.

கறுத்த நிறமுள்ளவர்களின் படத்திலும் இதே கவனம் வேண்டும். நெற்றியும் கன்னமும் பளிச்சென்று இருக்க, நெற்றிப்பொட்டோரமும் தாடையோரமும் ஏற்கெனவே நிழலில் இருக்கும். விக்னெட்டின் உள் விளிம்பு அங்கே வந்து தொட்டால் முகமே ஒடுங்கிவிடும். மிட்பாயின்ட்டை 60, 70க்கு ஏற்றி, விளிம்பை வெளியே தள்ளுங்கள். அதைச் செய்யாமல் முகத்தை வெளுக்கவைத்து ஈடுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு வியாதி.

பின்னணித் திரையில் வரிவரியாகப் பட்டைகள்

ஒரே நிறத் திரையில் வளையம் வளையமாகப் படிக்கட்டு தெரிகிறது. 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இருட்டும் பகுதி 60இலிருந்து 20க்கு இறங்குகிறது என்றால் கையில் இருப்பது 40 படி. அந்த 40ஐ 2000 பிக்சல் தூரத்துக்குப் பரப்பினால் ஒவ்வொரு படியும் 50 பிக்சல் அகலம். கண்ணுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

ரா ஃபைலிலிருந்து தொடங்கி 16 பிட்டில் வேலை செய்வது சரியான வழி. கையில் ஜேபெக் மட்டும்தான் என்றால், விக்னெட் லேயருக்கு மேல் 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை சாஃப்ட் லைட்டில் வைத்து, அதில் ஆட் நாய்ஸ், காஸியன், மோனோக்ரோமேட்டிக் என்று கொஞ்சமாகச் சேருங்கள். படிகளின் விளிம்பு உடைந்துவிடும். லைட்ரூமில் கிரெய்ன் 10, 15 அதே வேலையைச் செய்யும். திரையை மென்மையாக்க பிளர் போடுகிறவர்கள் எதிர்த் திசையில் போகிறார்கள். பட்டையை மறைத்துக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்ச நாய்ஸையும் அது துடைத்துவிடும்.

100 சதவீத அளவில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சுருக்கிப் பார்க்கும்போது ஃபோட்டோஷாப் காட்டும் பட்டை சில நேரம் ஃபைலில் இருக்காது. இன்னொரு பக்கம், உங்களிடம் சுத்தமாக இருந்த படம் வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்பில் பட்டையாகத் தெரியலாம். அங்கே அமுக்கிச் சுருக்கியதில் வந்தது அது. டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கிராப் செய்ததும் ஒரு பக்கம் மட்டும் இருட்டு

லென்ஸ் கரெக்ஷன்ஸின் மேனுவல் பகுதியில் உள்ள விக்னெட்டிங் ஸ்லைடரால் இருட்டியிருப்பீர்கள். அது கிராப்புக்கு முந்தைய முழுச் சட்டத்தோடு கட்டுண்டது. லென்ஸின் குறையைத் தீர்க்க வந்த ஸ்லைடர் அது. அலங்காரத்துக்கு போஸ்ட் கிராப்பைப் பயன்படுத்துங்கள். ஃபோட்டோஷாப்பில் லேயர்களை ஒன்றாக்கிய பிறகு கிராப் செய்திருந்தால், பழைய ஃபைலைத் தேட வேண்டியதுதான்.

பிரிண்ட் வந்ததும் மூலையில் கறுப்பைத் தவிர ஒன்றுமே இல்லை

முழுப் பிரகாசத்தில் ஒளிரும் மானிட்டரில் பார்த்து இருட்டியிருப்பீர்கள். தாள் தானாக ஒளிர்வதில்லை. அதிலும் மேட் தாளில் நிழல் விவரங்கள் பளபளப்புத் தாளைவிடச் சீக்கிரம் அடைந்துவிடும். மானிட்டர் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்து, மூலையில் இருக்கும் புடவைக் கரையின் வேலைப்பாடு தெரிகிறதா என்று பாருங்கள். பெரிய அளவு போடும் முன் 4×6 ஒன்று போட்டுப் பார்ப்பது செலவல்ல.

இதற்கு நேர் எதிரான புகாரும் வரும்: பிரிண்ட்டில் விக்னெட்டே இல்லை. லேபில் ஓரம் வெட்டியது கொஞ்சம், ஃபிரேமின் உதடு மறைத்தது கொஞ்சம். கேன்வாஸில் போட்டுச் சட்டத்தைச் சுற்றி மடித்தால் இருட்டு முழுதும் பக்கவாட்டுக்குப் போய்விடும். மடிப்புக்கு எவ்வளவு போகும் என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்கு உள்ளே தொடங்கும்படி போடுங்கள்.

12×36 ஆல்பம் தாளில் நான்கு படம், நான்கிலும் விக்னெட் என்றால் நான்கு குகை வாசல்கள் போல் இருக்கும். பெரிய படம் ஒன்றில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் அணைத்துவிடுங்கள்.

வெள்ளை விக்னெட் அழுக்காகத் தெரிகிறது

தாத்தாவின் பழைய படத்தை மாலை போட்டு மாட்டப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். மார்பளவு உருவம், ஓரம் வெள்ளையில் கரைய வேண்டும். உண்மையில் விக்னெட்டின் ஆதி வடிவம் இதுதான். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குச் சின்னத் திராட்சைக் கொடி என்று பொருள். புத்தகங்களில் சட்டமில்லாமல் தாளின் வெள்ளையில் கரையும் கொடி அலங்காரத்துக்கு இருந்த பெயர், 19ஆம் நூற்றாண்டில் அதே மாதிரி கரையும் உருவப்படங்களுக்கு வந்தது. ஓட்டை போட்ட அட்டையை இடையில் பிடித்து அச்சிடுவார்கள்.

லைட்ரூமில் அமௌன்ட்டைப் பிளஸ்ஸில் இழுத்தால் கறுப்புக் கோட்டு வெள்ளையில் கரையாமல் சாம்பலாக அசடு வழியும். இங்கே மட்டும் பெயின்ட் ஓவர்லே சரியான தேர்வு, ஏனென்றால் அது வெள்ளையைக் கலக்கிறது. ஃபோட்டோஷாப்பில் வெள்ளை சாலிட் கலர் லேயர் போட்டு, மாஸ்க்கில் நீள்வட்டத்தைக் கறுப்பாக நிரப்பி, ஃபெதரை ஏற்றுங்கள். நீள்வட்டம் தோளின் அடியில் அகலமாக இருக்கட்டும்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்றால், ஓரம் 255க்குப் போகாமல் 250இல் நின்றுவிடுவதால். மானிட்டரில் தெரியாது. வெள்ளைத் தாளில் படத்தின் செவ்வகம் மங்கலாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு லெவல்ஸ் லேயர் போட்டுக் கறுப்பு முக்கோணத்தை 240 வரை தள்ளிப் பாருங்கள். ஒளிந்திருக்கும் சாம்பல் எல்லாம் அடர்ந்து வெளியே வரும். மாஸ்க்கைத் திருத்திவிட்டு அந்த லேயரை மறக்காமல் அழியுங்கள்.

பாஸ்போர்ட் படம் திரும்பி வந்துவிட்டது

கேட்டது வெறும் வெள்ளைப் பின்னணி. கொடுத்தது மூலையில் சாம்பல் படிந்த பின்னணி. இதைச் செய்தது நானேதான். படங்களைக் கணினிக்கு ஏற்றும்போதே கல்யாண பிரீசெட் தானாக விழும்படி வைத்திருந்தேன். இம்போர்ட் சாளரத்தில் டெவலப் செட்டிங்ஸ் என்ற இடத்தில் ‘நன்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.